மூன்று கிலோ உப்பு குறித்து அம்பர்நாத் மச்சானுக்கு

சுடலை மாடன் துணை

தாராவி,
புதன்கிழமை.

அம்பர்நாத் தொழிற்சாலை யூனியன் செயலாளரும், என் மனைவி சண்முகவடிவின் ஒரே அண்ணனுமாகிய வேல்ராஜ் மச்சான் அவர்கள் சமூகத்திற்கு, தாராவி கட்டிங் மாஸ்டர் சுயம்பு பணிவுடன் எழுதிக்கொண்டது. தங்கள் வீட்டில் எல்லோரும் சுகம் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். இங்கே சுகத்துக்கும் சுகக்கேட்டுக்கும் உள்ள விகிதம் இரண்டுக்கு ஏழு. இப்படி எழுத வேண்டும் என்று நினைத்து எழுதவில்லை. வாயைத் திறந்தாலும் பேனாவைத் திறந்தாலும் இப்போதெல்லாம் இப்படித்தான் வருகிறது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் வீடு பத்துக்குப் பத்து. உங்கள் தங்கையைப் பற்றி நான் போனில் ஒரு வார்த்தை பேசினால், அது உங்கள் காதுக்கு வருவதற்கு முன்னால் அவள் காதுக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், உங்களுக்கு வருவதையெல்லாம் உங்கள் மகன் மகேஷ்குமார்தான் முதலில் பார்க்கிறான், பார்த்த கையோடு அத்தைக்கு அனுப்பிவைக்கிறான். பிள்ளைக்கு இந்தி வரும், மராத்தி வரும், இங்கிலீஷ் வரும். தமிழில் ஒரு வரியை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் ரயில் கல்யாணைத் தாண்டிவிடும். ஆகவே தமிழில், அதுவும் என் கையெழுத்தில் எழுதுகிறேன். அவன் தமிழ் படிக்காதது நமக்கு இப்படி ஒரு நாள் உதவும் என்று நான் நினைத்ததே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வடிவு பதினோரு வருடமாக வேலை பார்க்கிற மகளிர் குழுச் சமையலறை உங்களுக்குத் தெரியும். அறுநூறு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறும் பருப்பும் அங்கேதான் வேகிறது. அவளைச் சேர்க்காமல் பன்னிரண்டு பெண்கள். இந்த வருடம் புதிதாக ஒரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு சமையலறைக்கும் பரீட்சை எழுதிப் பாஸான சூப்பர்வைசர் ஒருவர் வேண்டும். எழுதுகிறவர் பத்தாவது படித்திருக்க வேண்டும். பாஸான ஆள் இல்லாத சமையலறையை மூடி, பாஸான ஆள் இருக்கிற பக்கத்துச் சமையலறையோடு சேர்த்துவிடுவார்கள். எத்தனையைச் சேர்த்தாலும் ஒரு சமையலறைக்குச் சூப்பர்வைசர் போகப் பன்னிரண்டு ஆள் சம்பளம்தான். நமக்குப் பக்கம் என்று அவர்கள் காகிதத்தில் இருப்பது கோவண்டி. நாம் அங்கே போய் ஒட்டிக்கொண்டால் நம் பெண்களில் எத்தனை பேருக்கு வேலை மிஞ்சும் என்று யாருக்கும் தெரியாது. இந்தப் பதின்மூன்று பேரில் பத்தாவது பாஸானவள் ஒருத்திதான், அது உங்கள் தங்கை. பரீட்சையில் ஐம்பது கேள்வி, இருபத்தைந்து எடுத்தால் பாஸ். அந்த ஐம்பதில் இருபது கேள்வி விகிதக் கணக்கு.

விகிதம் என்றதும் நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். அது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களே சொல்லுங்கள், இருபத்தெட்டு வருடமாக ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல் என்று ஒன்றுக்கு இரண்டுக்கு இரண்டுக்கு ஒன்று ரேஷியோ போட்டுத் துணி வெட்டுகிறவன் வீட்டில் இருக்க, அவள் வேறு யாரிடம் போய் விகிதம் படிப்பாள். மாட்டுங்கா ஸ்டேஷன் நடைபாதையில் ஒரு கைடு வாங்கிவந்தேன். முதல் நாள், முதல் பக்கம், முதல் கணக்கு. ஐந்து பேருக்கு இரண்டு கிலோ அரிசி என்றால் நாற்பது பேருக்கு எவ்வளவு? கைடு சொல்கிறது, பதினாறு. உங்கள் தங்கை சொல்கிறாள், பதினாலு. எப்படி என்று கேட்டேன். "அஞ்சு பேரு வீட்டுல உக்காந்து திங்கது ஒண்ணு, நாப்பது பேரு பந்தில உக்காந்து திங்கது ஒண்ணு. பதினாறு போட்டா ரெண்டு கிலோ மிஞ்சும்லா. மிஞ்சுன சோத்துக்கு யாரு பதில் சொல்லுவா, இந்தக் கைடா சொல்லும்?" என்றாள். நான் பொறுமையாக, "அதெல்லாம் இருக்கட்டும், கணக்குப்படி எட்டு மடங்கு" என்று காகிதத்தில் போட்டுக் காட்டி, கடைசியில் பழக்க தோஷத்தில் கூட ஒரு கிலோ சேர்த்துப் பதினேழு என்று எழுதினேன். எங்கள் தொழிலில் மார்ஜின் விடாமல் எதையும் வெட்டுவதில்லை. கைடைத் திருப்பிப் பார்த்தால் நான்கு விடை கொடுத்திருக்கிறான். அ) பதினாலு, ஆ) பதினாறு, இ) பதினேழு, ஈ) இருபது.

மச்சான், கைடைத் திருப்பி அட்டையில் எழுதினவன் பெயரைத் தேடினேன். அவள் தப்பும் அச்சாகியிருக்கிறது, என் தப்பும் அச்சாகியிருக்கிறது. நான் கூட ஒரு கிலோ போடுவேன் என்பது எங்கோ உட்கார்ந்து கைடு எழுதுகிறவனுக்கு எப்படித் தெரியும்? சரி, தற்செயல் என்று அடுத்த கணக்குக்குப் போனேன். மூன்று சட்டைக்கு ஏழு மீட்டர் துணி, இருபத்துநாலு சட்டைக்கு எத்தனை? இது என் மைதானம். "அம்பத்தாறு, ரெண்டு மீட்டர் மார்ஜின், அம்பத்தெட்டு" என்றேன். ஐம்பத்தெட்டு இருந்தது. உடனே இன்னொன்றும் தோன்றியது. துணி கட்டம் போட்டதாக இருந்தால் பாக்கெட்டில் கட்டம் கட்டத்தோடு சேர வேண்டும், அதற்கு அறுபது மீட்டராவது வேண்டும். அறுபதும் இருந்தது. அன்றிலிருந்து எந்தக் கணக்கைப் போட்டாலும் நான் விழுகிற குழியை எனக்கு முன்னாலேயே ஒருவன் வெட்டி, அதற்கு 'இ' என்று பெயரும் வைத்திருக்கிறான். இருபத்தெட்டு வருட அனுபவத்தை ஒருவன் நாலாகக் கூறுபோட்டு அதில் மூன்றைத் தப்பு என்று வைத்திருந்தால் மனுஷனுக்குக் கோபம் வருமா வராதா.

உங்கள் தங்கையோ கேள்வியை விட்டுவிட்டு, கேள்வி கேட்டவனையே விசாரிக்கிறாள். பருப்பும் அரிசியும் ஒன்றுக்கு மூன்று, மொத்தம் நாற்பத்தெட்டு கிலோ, பருப்பு எவ்வளவு என்று கேட்டால், துவரையா மசூரா, அரிசி புதுசா பழசா என்று கேட்கிறாள். பாலும் தண்ணீரும் கலந்த கணக்கு ஒன்று வந்தது. ஐந்துக்கு ஒன்று என்று இருப்பதை மூன்றுக்கு ஒன்று ஆக்க இன்னும் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேட்டிருந்தான். "பிள்ளைங்க குடிக்கிற பால்ல இன்னும் தண்ணி ஊத்தச் சொல்லுதானா? இதுக்குப் பதில் தெரியாதவளத்தான் சூப்பர்வைசரா போடணும்" என்று கைடை மூடிவிட்டாள். அன்று பாடம் அவ்வளவுதான்.

வயதுக் கணக்கு வந்த நாள் நான் தைரியமாக இருந்தேன், அதில் உணவுப் பொருள் எதுவும் இல்லை. அப்பாவுக்கும் மகனுக்கும் உள்ள வயது விகிதம், பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்கிற மாதிரி. அவள் பென்சிலைக் கையில் வாங்கி, கைடில் இருந்த அப்பனையும் மகனையும் தள்ளிவிட்டு, எங்கள் இருவர் வயதையும் எழுதினாள். "கலியாணத்தன்னைக்கு உங்களுக்கு முப்பது, எனக்கு இருவது. மூணுக்கு ரெண்டு. இப்ப அம்பத்துநாலு, நாப்பத்துநாலு. இருவத்தேழுக்கு இருவத்திரண்டு. பாத்தீங்களா, கிட்ட வந்துட்டேன்" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "அதெப்படி, பத்து வருஷ வித்தியாசம் பத்து வருஷந்தானே" என்றேன். "வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். விகிதம் கொறஞ்சிக்கிட்டே வரும். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க" என்றாள். அன்று முதல் நான் தண்ணீர் கேட்டால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறாள். இதை யூனியன் செயலாளராக அல்ல, மைத்துனராக நீங்கள் கேட்க வேண்டும்.

இனிமேல்தான் உப்பு. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் உங்களிடம் மறைக்கக் கூடாது. மாதிரிப் பரீட்சையில் அவள் இருபதுக்கு ஐந்துதான் வாங்கினாள். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. நான்தான் சொன்னேன், "நீ கைடை நம்ப மாட்டேங்குற, அதான் வர மாட்டேங்குது. ஒரே ஒரு நாள் கைடு சொல்லுதபடி சமைச்சுப் பாரு." "பன்னெண்டு பேரு என் மொகத்தையே பாக்காளுவ. பாஸ் ஆவணும்னா நம்பித்தான் ஆவணும்" என்று அவளாகவே ஒப்புக்கொண்டாள். வீட்டில் நாங்கள் நாலு பேர், பருப்புக்கு உப்பு இருபது கிராம். பட்டன் நிறுக்கிற தராசில் நானே நிறுத்துப் பார்த்தேன். நாலு பேருக்கு இருபது என்றால் அறுநூறு பேருக்கு மூவாயிரம், அதாவது மூன்று கிலோ. வழக்கமாக அவள் போடுவது இரண்டு கிலோ. அளவு பெருகப் பெருக உப்பு அதே கணக்கில் ஏறாது என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, நான் துணி வெட்டுகிறவன். மறுநாள் மூன்று கிலோவையும் போட்டாள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன்னால் ஒரு வாத்தியார் ருசி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு நசீர் சார். நல்ல மனிதர், ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு கரண்டி வாயில் வைத்தார், சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், அப்புறம் தண்ணீர் கேட்டார், அப்புறம் இன்னொரு தம்ளர் கேட்டார். மூன்றாவது தம்ளருக்குப் பிறகு, "பெஹன்ஜி, ஆஜ் சமந்தர் பகாயா க்யா?" என்று மட்டும் கேட்டாராம், இன்றைக்குக் கடலையா காய்ச்சினீர்கள் என்று. பிறகு பதின்மூன்று பேரும் அலறியடித்துக்கொண்டு உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டு, புதிதாக உப்பில்லாத பருப்பு வேகவைத்து, பழையதோடு கலந்து, முக்கால் மணி நேரம் தாமதமாகப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். மிச்சம் இரண்டு டிரம் பருப்பு எங்கள் சந்துக்கு வந்தது. இரண்டு நாள் சந்து முழுக்கப் பருப்பு. எதிர்வீட்டுக்காரர் இன்றுவரை என்னைக் கண்டால் வணக்கம் சொல்வதற்குப் பதிலாகத் தண்ணீர் குடிப்பது போல் கையைக் காட்டுகிறார். பள்ளி ரிஜிஸ்டரில் ஒரு வரி எழுதிவிட்டார்கள். பதினோரு வருடத்தில் அவள் பெயருக்கு எதிரே ஏறிய முதல் வரி அது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் வீட்டில் ஏட்டு உப்பு கறியையே கெடுத்துவிட்டது. அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அந்த ரிஜிஸ்டர் வரியை நினைத்து நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள், என் விஷயத்தில் ஒரு வாரம்தான் நின்றது. நான் வேலை பார்க்கிற தௌசீப் பாய் கார்கானாவில் இருநூற்று நாற்பது சட்டை ஆர்டர். நாற்பது, எண்பது, எண்பது, நாற்பது. இதை ஒன்றுக்கு இரண்டுக்கு இரண்டுக்கு ஒன்று என்று சுருக்கி, துணியை நாற்பது அடுக்காக விரித்து வெட்ட வேண்டும். அன்று காலை முழுக்க வடிவுக்கு, "ரெண்டால வகு, இன்னும் போகுதா பாரு, இன்னும் ரெண்டால வகு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்த வாய். சுருக்கிய பிறகும் கை நிற்கவில்லை. அடுக்கு நாற்பதையும் இருபதாகச் சுருக்கிவிட்டது. சாயந்திரம் எண்ணிப் பார்த்தால் நூற்றிருபது சட்டை. தௌசீப் பாய் வந்து, "மாஸ்டர், ஆதா மால் கிதர் கயா?" என்றார், பாதிச் சரக்கு எங்கே போயிற்று என்று. நான் அசையாமல், "பாய், ரேஷியோ சஹி ஹை" என்றேன், ரேஷியோ சரிதான் என்று. "காஹக் ரேஷியோ பெஹன்கே கூமேகா க்யா?" என்று கேட்டார். வாடிக்கையாளர் ரேஷியோவையா போட்டுக்கொண்டு திரிவார் என்று. வெட்டாத துணி அப்படியே இருந்ததால் தலை தப்பியது. ஆனால் அன்றிலிருந்து என் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி அடுக்கு எண்ண வைத்திருக்கிறார். இருபத்தெட்டு வருடத்தில் எனக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை.

இதைக் கேட்டதும் உங்கள் தங்கை சிரிக்கவில்லை. "நாளைலேர்ந்து நீங்க சொல்லித் தர வேண்டாம். நமக்கு ஒரு சம்பளமாவது இருக்கட்டும்" என்றாள். வாத்தியார் வேலையிலிருந்து இப்படி நீக்கப்பட்டேன். வருத்தம்தான், ஆனால் அதைவிட வருத்தம் அடுத்தது. நான் நின்ற மறுவாரம் அவள் மாதிரிப் பரீட்சையில் இருபதுக்குப் பதினெட்டு வாங்கினாள். யாரிடம் படித்தாய் என்று கேட்டேன். யாரிடமும் இல்லையாம். கூட வேலை பார்க்கிற ஜெபசெல்வி கேள்வியை வாசிப்பாளாம், இவள் பருப்பைக் கிண்டிக்கொண்டே பதில் சொல்வாளாம். "சூத்திரம் ஒண்ணுதான். இது யாரும் திங்காத சோறுன்னு நெனச்சிக்கிட்டேன். அஞ்சு பேருமில்ல, நாப்பது பேருமில்ல. வெறும் நம்பர்தான். அப்படி நெனச்சா பதினாறுன்னு சரியா வருது" என்றாள். சொல்லிவிட்டுச் சந்தோஷப்படவில்லை. "மனசுக்குள்ள ஒரு ஆளும் வராம பாத்துக்கிடணும். அதான் கஷ்டம்" என்றாள். எனக்கு அவள் புத்தியைக் கண்டு பெருமையாக இருந்தது. நான் சொல்லித்தராததால் வந்த பெருமை என்பதால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. செம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். நானும் கூடப் போனேன். பன்னிரண்டு பெண்களும் வருகிறேன் என்றார்கள், ஜெபசெல்வி மட்டும் வந்தாள். உள்ளே போகும்போது ஜெபசெல்வி இவள் தலையில் கைவைத்து ஜெபம் செய்தாள், நான் சுடலையை நினைத்துத் திருநீறு பூசிவிட்டேன், இரண்டு பக்கமும் பலமாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் திலக் நகர் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள். "ஒரு கேள்வி வந்திச்சி. பத்துப் பேருக்கு அம்பது கிராம் உப்பு. அறுநூறு பேருக்கு எவ்வளவுன்னு."

"மூணு கிலோ" என்றேன் நான்.

"மூணு கிலோதான். எனக்குத் தெரியும். மவுசையும் அதுமேலதான் வச்சேன். அறுநூறுன்னு போட்டிருந்தானா, எல்லாப் பிள்ளைகளும் தட்டோட வந்து நின்னுட்டு. கையி அமுக்க மாட்டேன்னுட்டு."

"அப்புறம்?"

"ரெண்டு கிலோன்னு ஒண்ணு இருந்திச்சி. அதப் போட்டுட்டேன். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் என்ன போட்டேன்னே தெரியல. பிள்ளைக போவவே இல்ல."

குர்லா வந்தது, சுனாபட்டி வந்தது. ஜெபசெல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்தபடி இருந்தாள். மச்சான், எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தெரியாமல் தப்புப் போட்டால் அது விதி. தெரிந்தே தப்பைத் தேடிப்பிடித்து அமுக்கினால் அதற்கு என்ன பெயர்? இல்லாத அறுநூறு பிள்ளைகளுக்கு உப்புக் கரிக்குமே என்று, இருக்கிற பன்னிரண்டு பெண்களின் அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டாள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். "தெரியும்" என்று ஒரு சொல் சொன்னாள். மூன்று நாளாக என்னோடு பேசுவது அந்த ஒரு சொல்தான். சோறு போட்டாயா, தெரியும். துணி காய்ந்ததா, தெரியும். ரிசல்ட் எப்போது வரும் என்று கேட்டாலும் தெரியும். பெண்கள் இவளைக் கண்டால் ஆறுதலாகத்தான் பேசுகிறார்கள், அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அவள் பாஸாகவில்லை என்றால் வேலை போகிறது என்பதல்ல, தன்னால்தான் பன்னிரண்டு பேருக்குப் போயிற்று என்று அவள் ஆயுசுக்கும் அந்தச் சந்தில் தலை குனிந்து நடப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் அந்தப் பத்துக்குப் பத்தில் எப்படி இருப்பது.

ஆகவே தங்களை நான் வேண்டிக்கொள்வது: வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் தவறாமல் தாராவிக்கு வந்து, அண்ணன் என்கிற உரிமையில் உங்கள் தங்கையை நாலு வார்த்தை நன்றாகக் கேட்க வேண்டும். நான் கேட்டால் வயது விகிதத்தை எடுக்கிறாள். நாலு வார்த்தை கேட்டு முடித்ததும், அவளைப் பத்து நாள் அம்பர்நாத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கணக்கே இல்லாத இடமாகப் பார்த்து உட்கார வைக்க வேண்டும். உங்கள் தொழிற்சாலை கேன்டீனில் இடம் ஏதும் இருந்தால் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்கவும். பரீட்சை உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளவும். அவள் இந்தப் பரீட்சையில் பாஸாக மாட்டாள் என்பது எனக்கு உறுதியாகத் தெரிகிறது, விகிதம் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி பானுமதி தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்லவும். அவள் அனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் வந்தது, இப்போதைக்கு எங்கள் வீட்டில் யாரும் உப்புள்ள பொருளைத் தொடுவதில்லை, மனசு ஆறியதும் சாப்பிடுவோம். மகேஷ்குமார் நூறாண்டு இருந்து எல்லா மொழியும் படித்து, தமிழை மட்டும் இன்னும் கொஞ்சம் தாமதமாகப் படிக்கட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். தங்கள் யூனியனுக்கும் குடும்பத்துக்கும் சுடலை மாடசாமி பக்கத்திலேயே நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த, ஆனால் பாதிக்கப்பட்ட மாப்பிள்ளை,
சு. சுயம்பு

பி.கு.: இந்தக் கடிதத்தை எழுதி ஒட்டி, தபால்பெட்டி தேடி, கிடைக்காமல், ஒன்பது நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இன்றைக்குப் பிரித்து இதைச் சேர்த்து, அம்பர்நாத் பக்கம் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தாங்கள் வந்து அவளைக் கேட்க வேண்டாம். மேலே எழுதிய எதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். ரிசல்ட் வந்துவிட்டது. முப்பத்தொன்று எடுத்துப் பாஸாகிவிட்டாள். விகிதத்தில் இருபதுக்குப் பதினேழு. தப்பான மூன்றில் ஒன்று உப்பு. மற்ற இரண்டும் நான் சொல்லிக் கொடுத்த வகை. சந்து முழுக்க லட்டு கொடுத்தோம், எதிர்வீட்டுக்காரர் கையைக் காட்டாமல் வாங்கிக்கொண்டார்.

ஆனால் கோவண்டியில் எழுதிய பெண் பாஸாகவில்லை. இப்போது அந்தச் சமையலறையை மூடி நம்முடையதோடு சேர்த்துவிட்டார்கள். சின்னச் சமையலறை, ஆறு பெண்கள். அவர்களில் ஒரு பெண் வேலை கேட்டு வந்து வாசலில் நின்றாள், உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. ஆக, வடிவைச் சேர்க்காமல் ஆள் பதினெட்டு, சம்பளம் பன்னிரண்டு பேருக்கு. ஆறு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், பெயரைச் சூப்பர்வைசர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வடிவு காகிதத்தை வாங்கிக்கொண்டாள், ஒரு பெயரும் எழுதவில்லை. பருப்புக் கொப்பரை முன்னால் நின்றபடியே கணக்குப் போட்டாள். வாரத்தில் ஆறு நாள், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர், எழுபத்திரண்டு. பதினெட்டுப் பேருக்கு வகுத்தால் ஆளுக்கு நாலு நாள். பதினெட்டுப் பேரும் வரலாம், யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம். ஆபீசிலும் ஒப்புக்கொண்டார்கள். நான் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். எந்த ஓட்டையும் இல்லை.

நேற்று ஜெபசெல்வி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தலையில் கைவைத்து ஜெபம் செய்த அதே ஜெபசெல்வி. "ஏட்டி வடிவு, ஆறு நாள் சம்பளம் வாங்கிக்கிட்டிருந்தோம், நாலு நாளாக்கிட்ட. உனக்குச் சூப்பர்வைசர் சம்பளம். உனக்கு ஏறிச்சி, எங்களுக்கு எறங்கிச்சி. இது என்ன ரேஷியோட்டி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வடிவு கையிலிருந்த கரண்டியைக் கழுவி மாட்டினாள். "கணக்கு சரியாத்தான் வந்திச்சி. ஞாயித்துக்கெழம பதினெட்டுப் பேரும் இதப் பேச வாராளுவ. அண்ணன வரச் சொல்லுங்க, ஆள் கூட்டத்துல பேசிப் பழக்கம்லா" என்றாள். ரேஷியோ என்னவென்று எனக்கும் தெரியவில்லை மச்சான். கீழே நாலு விடை அச்சடித்திருந்தால் ஏதோ ஒன்றை ஊகித்து அமுக்கிவிடலாம். இதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வண்டியிலேயே வந்துவிடுங்கள்.